ஹலால் சம்பாத்தியம் தேடும் மென்பொருள்காரருக்கு லிங்க்ட்இன்: ஒரு மதிப்பீடு

ஐ.டி. துறையில் வேலை தேடுகிற எவருக்கும் லிங்க்ட்இன்னை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2003-ல் தொடங்கிய, தொழில்முறைத் தொடர்புக்கும் வேலை தேடலுக்குமான இணையச் சேவை. 2016-ல் மைக்ரோசாஃப்ட் இதை 2,620 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. சென்னை ஓ.எம்.ஆரிலும் பெங்களூரிலும் துபாயிலும் மென்பொருள் வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் அன்றாடம் புழங்கும் இடம். அதனால் இதில் வேலை கிடைக்குமா என்பதை இங்கே அலசப் போவதில்லை. பொய் கலக்காமல், வட்டியிலும் சூதிலும் கை வைக்காமல், வக்து தவறாமல் தொழுதுகொண்டு ஒரு வேலைக்குப் போக நினைக்கிற முஸ்லிமுக்கு இந்தச் சேவை எங்கே உதவுகிறது, எங்கே அவர் தானே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதுதான் கேள்வி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆட்களைக் கண்டுபிடிக்கவும் ஒரு நிறுவனத்தைப் பற்றி விசாரிக்கவும் இதைவிட வசதியான சேவை கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. வேலையின் தன்மையைச் சலித்துத் தருவதில் மிகவும் பலவீனம். ஹலாலா ஹராமா என்று பார்க்கும் பாடு முழுக்க நம் தலையில்தான் விழுகிறது. மாதச் சந்தா பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படாது.

புரொஃபைல்

மூஸா நபியை வேலைக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி அந்தப் பெண் தன் தந்தையிடம் பேசியதைத் திருக்குர்ஆன் 28:26 எடுத்துச் சொல்கிறது: கூலிக்கு அமர்த்த ஏற்றவர்களில் சிறந்தவர் பலமும் நம்பகமும் உள்ளவர். யூசுஃப் நபி மன்னரிடம் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது, தாம் பாதுகாப்பவர், அறிந்தவர் என்று அந்தப் பொறுப்புக்கு வேண்டிய இரண்டு தகுதிகளை மட்டும் சொன்னார் (12:55). தன்னைப் பற்றிச் சொல்வது பெருமையடிப்பதாகிவிடுமோ என்று தயங்கி, புரொஃபைலை வெறுமையாக விட்டுவைக்கும் பிள்ளைகள் நம்மிடையே நிறைய. அந்தத் தயக்கம் தேவையில்லை. என்ன பொறுப்பு வேண்டும், அதற்கு என்ன தகுதி இருக்கிறது என்பதை அளவோடு சொல்வதற்கு யூசுஃப் நபியின் சொல்லே முன்மாதிரி.

பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரியில் 220 எழுத்து வரை இடமுண்டு. ஆள் தேடுபவர் தேடல் பெட்டியில் தட்டுவது பதவிப் பெயரும் கருவிப் பெயரும்தான். 'பேக்எண்ட் டெவலப்பர், ஜாவா, ஸ்பிரிங் பூட், போஸ்ட்கிரஸ், 3 ஆண்டு, சென்னை' என்று எழுதியவர் தேடலில் அகப்படுவார். 'கனவுகளைத் துரத்தும் தொழில்நுட்ப ஆர்வலர்' என்று எழுதியவர் அகப்படமாட்டார், அந்தச் சொற்களை யாரும் தேடுவதில்லை. அனுபவப் பகுதியில் ஒவ்வொரு வரியும் மூன்றைச் சொல்ல வேண்டும்: என்ன செய்தீர்கள், எதைக் கொண்டு செய்தீர்கள், அதனால் என்ன மாறியது. குழுவாகச் செய்ததைக் குழு என்றே எழுதி, அதில் உங்கள் பங்கை மட்டும் பிரித்துக் காட்டுங்கள்.

அமானிதம், அதாவது நம்பகம், சோதிக்கப்படும் இடமும் இதுவே. தனக்குக் கொடுக்கப்படாததைக் கொடுக்கப்பட்டதாகக் காட்டிக்கொள்பவர் பொய்யின் இரு ஆடைகளை அணிந்தவரைப் போன்றவர் என்ற நபிமொழி ஹதீஸ் நூல்களான புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. திறன் பட்டியலில் பெயர்களை அடுக்கிக்கொண்டே போக லிங்க்ட்இன் தூண்டும். ஒரு வாரப் பயிற்சி வீடியோ பார்த்த டாக்கரையும், நான்கு ஆண்டு கைவைத்துப் பழகிய ஜாவாவையும் ஒரே வரிசையில் காட்டும். வழி இதுதான்: கால் மணி நேரம் குறுக்குக் கேள்வி கேட்டாலும் தாக்குப்பிடிக்கும் திறனை மட்டும் பட்டியலில் வையுங்கள்; மற்றவற்றை அறிமுகப் பகுதியில் 'இப்போது படித்துக்கொண்டிருப்பவை' என்று எழுதுங்கள். ஏ.ஐ. கொண்டு புரொஃபைலைத் திருத்துபவர்கள் வரிக்கு வரி சரிபார்க்க வேண்டும். நீங்கள் 'உதவினேன்' என்று கொடுத்தது 'தலைமையேற்றேன்' என்று திரும்பி வரும். அந்தச் சொல்லுக்குப் பொறுப்பு உங்களுடையது.

இல்லாத அனுபவத்துக்குச் சான்றிதழ் விற்கும் கன்சல்டன்சிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்ற முஸ்லிம் நூலின் ஹதீஸ் போதும், வேறு வாதம் வேண்டாம். நடைமுறையிலும் அது நிற்காது. பின்னணிச் சரிபார்ப்பில் உங்கள் பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண்ணைக் கேட்பார்கள், எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியில் சேர்ந்து எந்தத் தேதியில் விலகினீர்கள் என்பது பி.எஃப். பதிவில் இருக்கும். வருமான வரித் துறையின் 26ஏ.எஸ். படிவத்தில் யார் உங்கள் சம்பளத்தில் வரி பிடித்தார்கள் என்பது தெரியும். சேர்ந்து ஆறு மாதம் கழித்துப் பிடிபட்டு வெளியேற்றப்படுகிறவர்களுக்கு அடுத்த வேலை இன்னும் கடினமாகிவிடுகிறது. இரண்டு ஆண்டு இடைவெளி இருந்தால் இருக்கிறது என்று எழுதுங்கள். லிங்க்ட்இன்னில் தொழில் இடைவெளிக்கென்றே ஒரு பகுதி உண்டு. அதில் குடும்பப் பொறுப்பு, உடல்நலம், படிப்பு என்று காரணத்தைத் தேர்ந்துகொள்ளலாம்.

இன்னொன்று பலர் கவனிக்காதது. நண்பரின் திறனை உறுதிப்படுத்தச் சொல்லி ஒரு பொத்தானை லிங்க்ட்இன் நீட்டும். 'நீ எனக்குத் தட்டு, நான் உனக்குத் தட்டுகிறேன்' என்று வாட்ஸ்அப் குழுக்களில் இது பண்டமாற்றாக நடக்கிறது. அது ஒரு சாட்சியம். அவர் எழுதிய ஒரு வரி நிரலைக்கூடப் பார்க்காமல் தட்டினால், பொய்ச் சொல்லை விட்டு விலகுங்கள் என்ற கட்டளை (22:30) உங்களையும் தொடும். பரிந்துரைக் குறிப்பு எழுதுவதற்கும் இதே அளவுகோல்தான். எந்த புராஜெக்ட்டில், எவ்வளவு காலம், என்ன பார்த்தீர்கள் என்று எழுதினால் உண்மையும் காப்பாற்றப்படும், படிக்கிற மேலாளருக்கும் பயன்படும்.

பெண்களுக்கு: முகப்புப் படம் கட்டாயமில்லை. போட்டாலும் அதை யார் பார்க்கலாம் என்பதை இணைப்பில் உள்ளவர்களோடு நிறுத்திக்கொள்ள அமைப்புகளில் வழி இருக்கிறது. இணைப்பு வேண்டுகோளை யார் அனுப்பலாம் என்பதையும், உங்கள் மின்னஞ்சலைத் தெரிந்தவர்கள் மட்டும் என்று சுருக்கலாம். இதை முதல் நாளே செய்துவிடுங்கள். தேவையில்லாத பேச்சுக்கு வருபவர்களைத் தடுப்பதிலும் புகார் செய்வதிலும் சேவை ஒழுங்காகவே நடந்துகொள்கிறது.

சலிப்பதுதான் பெரிய வேலை

ஐந்து வடிகட்டிகளுக்கு மேல் கொடுத்திருக்கிறார்கள்: பதிவிட்ட தேதி, அனுபவம், இடம், வீட்டிலிருந்தா அலுவலகமா, துறை. மார்க்கம் கேட்கும் கேள்விக்கு இவற்றில் நெருங்கி வருவது துறை மட்டும். அதுவும் சரியாக வேலை செய்வதில்லை. நிறுவனம் தன்னைப் பற்றித் தானே கொடுத்துக்கொள்ளும் ஒரே முத்திரை அது. உடனடிக் கடன் செயலி நடத்துகிறவர்கள் 'மென்பொருள் உருவாக்கம்' என்று போட்டுக்கொள்ளலாம். 'இப்போது வாங்கு, பிறகு கொடு' வகைச் செயலிகளும் அப்படியே. நிறுவனம் மென்பொருள் நிறுவனம்தான். அதன் வருமானம் தவணை தவறியவர்களிடம் வசூலிக்கும் வட்டியும் அபராதமும்.

எங்கே கோடு போடுவது? வட்டி உண்பவர், கொடுப்பவர், அதை எழுதுபவர், அதன் இரு சாட்சிகள் ஆகியோரை நபி (ஸல்) சபித்து, அவர்கள் எல்லோரும் சமம் என்றார்கள் என ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. இந்த 'எழுதுபவர்' என்ற சொல்தான் மென்பொருள்காரருக்கு முக்கியம். கடன் விண்ணப்பத்தை அனுமதிக்கும் மென்பொருள், நாள் வட்டியைக் கணக்கிட்டு ஏற்றும் நிரல், கிரெடிட் கார்டு தாமதக் கட்டணத்தை வசூலிக்கும் பகுதி ஆகியவற்றை எழுதுவது அந்தச் சொல்லுக்கு மிக அருகில் வருகிறது. பந்தயச் செயலி, மது விற்கும் தளம் ஆகியவற்றில் பேச்சே இல்லை (5:90). இந்தியாவில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது.

அடுத்த வட்டம்தான் சிக்கல். வழக்கமான வங்கியில் வேலை, ஆனால் வட்டிக் கணக்கைத் தொடாத வேலை: நெட்வொர்க், சைபர் பாதுகாப்பு, ஊழியர் வருகைப் பதிவு. சவூதியின் நிரந்தர ஃபத்வா குழு வட்டி வங்கியில் எந்த வேலையையும், காவலாளி வேலையைக்கூட, அனுமதிப்பதில்லை. பாகிஸ்தானின் முஃப்தி தகி உஸ்மானி போன்றவர்கள் வட்டி ஒப்பந்தத்தோடு நேரடித் தொடர்புள்ள வேலை, தொடர்பில்லாத வேலை என்று பிரிக்கிறார்கள். இரண்டாவதை முழுமையாகத் தடுப்பதில்லை. இரண்டையும் தெரிந்துகொண்டு, உங்கள் வேலையின் விவரத்தை எடுத்துக்கொண்டு ஆலிமிடம் போங்கள். 'பேங்க் வேலைக்குப் போகலாமா ஹஸ்ரத்?' என்று மொட்டையாகக் கேட்டால் மொட்டையான பதில்தான் வரும். எந்த மென்பொருள், அது என்ன செய்கிறது, உங்கள் கை எந்தப் பகுதியில் படும் என்று எழுதிக் கொண்டுபோய்க் கேட்டால் தீர்ப்பும் துல்லியமாக வரும். சந்தேகமானவற்றை விட்டு விலகியவர் தம் மார்க்கத்தையும் மானத்தையும் காத்துக்கொண்டார் என்று நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் இந்த வட்டத்துக்காகவே சொன்னதுபோல இருக்கிறது.

டேட்டாபேஸ், கிளவுட், இயங்குதளம், மருத்துவமனை மென்பொருள், சரக்குப் போக்குவரத்து, கல்வி, உற்பத்தித் துறை ஆட்டோமேஷன் ஆகியவற்றில் மனம் குழம்பத் தேவையில்லை. பொதுக் கருவியை யாரோ தவறாகப் பயன்படுத்துவது செய்தவர் கணக்கில் சேராது. உணவு டெலிவரிச் செயலி, விளம்பரத் தொழில்நுட்பம் போன்ற கலப்பு இடங்களில் நிறுவனத்தைவிட எந்த அணியில் சேர்கிறீர்கள் என்பதைப் பாருங்கள்.

லிங்க்ட்இன்னின் தேடல் பெட்டியில் ஆண்ட் (AND), ஆர் (OR), நாட் (NOT) என்ற மூன்று சொற்களையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இட்டுத் தேடலாம். சேர்ந்து வரவேண்டிய சொற்களை மேற்கோள் குறிக்குள் வைக்கலாம். 'நாட்' போட்டு லெண்டிங், கேசினோ, பெட்டிங் என்ற சொற்களை விலக்குவது நல்ல முதல் சல்லடை. பேங்கிங் என்ற சொல்லை விலக்கும்போது கவனம்: 'வங்கித் துறை அனுபவம் இருந்தால் நல்லது' என்று எங்கோ ஒரு வரி எழுதிய மருத்துவ நிறுவனத்தின் வேலையும் சேர்ந்து காணாமல் போகும்.

தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் இடறுவது பிற நிறுவனங்களுக்கு மென்பொருள் செய்து தரும் சர்வீஸ் கம்பெனிகளில். டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ் போன்றவற்றில் வருமானத்தில் மிகப் பெரிய பங்கு வங்கி, நிதித்துறை வாடிக்கையாளர்களிடமிருந்து வருகிறது. அந்தப் பிரிவை பி.எஃப்.எஸ்.ஐ. என்பார்கள். வேலை அறிவிப்பில் 'ஜாவா டெவலப்பர், சென்னை' என்று மட்டும் இருக்கும். சேர்ந்து, பயிற்சி முடிந்து, புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் இருந்து, அலொகேஷன் (புராஜெக்ட் ஒதுக்கீடு) வரும்போதுதான் அமெரிக்க வங்கியின் அடமானக் கடன் புராஜெக்ட் என்று தெரியவரும். இதை லிங்க்ட்இன் சொல்லாது. ஆனால் அதைக் கண்டுபிடிக்கும் வழியை அதே லிங்க்ட்இன் தருகிறது. நிறுவனப் பக்கத்தில் ஆட்கள் பட்டியலுக்குப் போய், உங்கள் பதவிப் பெயரையும் ஊரையும் போட்டுத் தேடுங்கள். அங்கே வேலை செய்பவர்கள் தங்கள் அனுபவப் பகுதியில் எந்தத் துறை வாடிக்கையாளருக்குச் செய்கிறார்கள் என்று பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். பத்துப் பேரில் எட்டுப் பேர் கடன், கார்டு என்று எழுதியிருந்தால் அந்த அலுவலகத்தின் போக்கு தெரிந்துவிடும்.

பிறகு எச்.ஆர். அழைப்பில் மூன்று கேள்விகள்: இந்தப் பணியிடம் எந்த வெர்டிகலுக்கு (வாடிக்கையாளர் துறைக்கு)? வாடிக்கையாளர் முடிவாகிவிட்டதா, பொதுத் தொகுப்பில் எடுக்கிறீர்களா? சேர்ந்தபின் வேறு வெர்டிகலுக்கு மாற எத்தனை மாதம் ஆகவேண்டும்? பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். அனுபவமுள்ளவர் இதைக் கேட்பதில் யாரும் தவறாக நினைப்பதில்லை. கேம்பஸில் தேர்வான ஃப்ரெஷருக்கு இந்த வசதி குறைவு. நிறுவனம் போடுகிற இடத்தில்தான் உட்கார வேண்டும். அவர் செய்யக்கூடியது, பயிற்சிக் காலத்திலேயே ஹெல்த்கேர், ரீடெய்ல், உற்பத்தித் துறை வேண்டும் என்று எழுத்தில் கேட்பது. கிடைக்காவிட்டால் உள் வேலைவாய்ப்புத் தளத்தில் மாறும் முயற்சியை முதல் நாளிலிருந்தே தொடங்குவது.

நேர்வழியில் தேடுவதற்கும் இடமுண்டு. துபாய் இஸ்லாமிய வங்கி, சவூதியின் அல் ராஜ்ஹி, மலேசியாவின் பேங்க் இஸ்லாம், ஹலால் முதலீட்டுச் செயலியான வஹீத் போன்றவற்றின் பக்கங்களைப் பின்தொடர்ந்து வேலை அலர்ட் வையுங்கள். முராபஹா (லாபம் சேர்த்து விற்பது), இஜாரா (வாடகைக்கு விடுவது) ஒப்பந்தங்கள் எப்படி நடக்கின்றன என்பதும், ஐமால் போன்ற இஸ்லாமிய வங்கி மென்பொருளும் தெரிந்த டெவலப்பர் எளிதில் கிடைப்பதில்லை. வங்கித் துறை அனுபவத்தோடு வெளியே வர நினைப்பவருக்கு இது இயல்பான பாதை.

விண்ணப்பம், ரெஃபரல்

'ஈஸி அப்ளை' பொத்தான் இந்தச் சேவையின் வசதியும் கேடும். ஒரே மூச்சில் ஐம்பது இடத்துக்குத் தட்டிவிட்டு, 'நான் முயற்சி செய்துவிட்டேன், இனி தவக்குல்' என்று, அதாவது அல்லாஹ்வின் மேல் பொறுப்பைப் போட்டுவிட்டதாக, உட்காருவது நடக்கிறது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்ற திர்மிதி ஹதீஸில் கட்டுவது என்ற பகுதி உருப்படியாக நடந்திருக்க வேண்டும். பறவைகள் காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பி மாலையில் நிறைந்த வயிற்றோடு திரும்புவதாகச் சொல்லும் ஹதீஸிலும் கிளம்புதல் இருக்கிறது.

நேரம் இங்கே உண்மையிலேயே பயன்படுகிறது. தேதி வடிகட்டியில் 'கடந்த 24 மணி நேரம்' வைத்து, பஜ்ர் தொழுத கையோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். விண்ணப்பங்கள் குவிவதற்கு முன்னால் போய்ச் சேருவது உங்கள் ரெஸ்யூமே ஒரு மனிதர் கண்ணில் படும் வாய்ப்பைக் கூட்டுகிறது. என் சமுதாயத்துக்கு அதிகாலையில் பரக்கத் செய்வாயாக என்ற நபியின் துஆவை அறிவித்த ஸக்ர் (ரலி) ஒரு வியாபாரி. சரக்கைக் காலையிலேயே அனுப்பி வளம் பெற்றார் என்று அதே அறிவிப்பு சொல்கிறது. அந்த ஒரு மணி நேரத்தில் ஐந்து வேலையைத் தேர்ந்து, ஒவ்வொன்றின் தேவைக்கும் ஏற்ப ரெஸ்யூமேயின் முதல் பாதியைத் திருத்தி அனுப்புவது ஐம்பது தட்டலைவிட மேல். 'மறுபடி பதிவிட்டது' என்ற குறிப்போடு வரும் பழைய அறிவிப்புகளைக் கடைசிக்குத் தள்ளுங்கள். நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் அதே வேலை இருக்கிறதா என்று பார்த்து அங்கேயே விண்ணப்பியுங்கள். அங்கே இல்லையென்றால் ஐயப்படுங்கள்.

விண்ணப்பத்தில் வரும் 'இந்தக் கருவியில் எத்தனை ஆண்டு?' என்ற கட்டத்தில் குறைந்த எண் போட்டால் தானாகவே கழித்துக்கட்ட ஆள் எடுப்பவர் அமைத்திருக்கலாம். இதற்காகவே 2-ஐ 4 ஆக்குகிறார்கள். உண்மை எண்ணையே போடுங்கள், தகுதி கொஞ்சம் குறைந்திருந்தால் அந்தப் பணியிடத்துக்கு ஆள் எடுப்பவருக்கு நேரடியாக ஒரு குறிப்பு அனுப்புங்கள். பொய்யைவிட அந்தக் குறிப்பு பல நேரம் பலன் தரும்.

நல்லதற்குப் பரிந்துரைப்பவருக்கு அதில் ஒரு பங்கு உண்டு, தீயதற்குப் பரிந்துரைப்பவருக்கும் அதில் பொறுப்பு உண்டு என்கிறது 4:85. ரெஃபரலை, அதாவது நிறுவனத்தின் உள்ளே இருப்பவர் ஒருவரைப் பரிந்துரைப்பதை, இதைவிடச் சுருக்கமாக விளக்க முடியாது. கேட்பதிலும் முறை இருக்கிறது. 'அஸ்ஸலாமு அலைக்கும் பாய், ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க' என்ற செய்திக்கு யாராலும் எதுவும் செய்ய முடியாது. வேலையின் அடையாள எண், பி.டி.எஃப். ரெஸ்யூமே, ஏன் பொருந்துவீர்கள் என்று இரண்டு வரி, 'பொருத்தமில்லை என்று பட்டால் தயங்காமல் சொல்லுங்கள்' என்று ஒரு வரி. அந்தக் கடைசி வரி அவருடைய சுமையை இறக்கும். கொடுப்பவரும் தெரியாதவரைத் தெரிந்தவராக எழுதிக்கொடுக்கக் கூடாது. நிறுவனங்களின் படிவத்தில் எப்படித் தெரியும் என்ற கேள்வி இருக்கும், 'சமூக வலைத்தளம் வழியே' என்று உண்மையைப் போட்டாலும் ரெஃபரல் செல்லும். ரெஃபரலை விலைக்கு விற்பவர்களையும், எச்.ஆருக்குப் பணம் கொடுத்தால் 'பேக்டோர்' என்பவர்களையும் விட்டுத் தள்ளுங்கள். லஞ்சம் கொடுப்பவரும் வாங்குபவரும் சபிக்கப்பட்டவர்கள். முதல் மாதச் சம்பளமே கறைபட்டு வரும்.

போலி அறிவிப்பு

ஒரு தீயவர் செய்தி கொண்டுவந்தால் தீர விசாரியுங்கள் (49:6). லிங்க்ட்இன்னில் ஆள் எடுப்பவர் பெயருக்கு அருகே சரிபார்ப்புக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். குறி இருந்தாலும் நிறுவன மின்னஞ்சலில் இருந்து கடிதம் வருகிறதா என்று பாருங்கள். பேச்சை உடனே டெலிகிராமுக்கு மாற்றுவது, லேப்டாப் டெபாசிட், பதிவுக் கட்டணம், நேர்காணலே இல்லாமல் ஆஃபர்: இவற்றில் ஒன்று வந்தாலே நிறுத்திவிடுங்கள். வளைகுடாவுக்குப் போகிறவர்கள் ஏஜென்ட்டின் பதிவை இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கலாம். இந்தியாவில் பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் ஜி.எஸ்.டி. நீங்கலாக 30,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அமீரகத்தில் ஆள் சேர்ப்புச் செலவைத் தொழிலாளியிடம் வாங்குவதை 2021-ன் 33-ம் எண் தொழிலாளர் சட்டம் தடுக்கிறது. தாய்லாந்தில் 'டிஜிட்டல் மார்க்கெட்டிங்' வேலை என்று ஐ.டி. படித்தவர்களை அழைத்து, மியான்மருக்குக் கடத்தி, இணைய மோசடி செய்ய வைக்கும் கும்பல்களைப் பற்றி வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரில் எச்சரித்தது. தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் சிக்கி மீட்கப்பட்டார்கள். சம்பளம் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு, வேலையின் விவரம் இரண்டே வரி என்றால் அதுவே அடையாளம்.

நேர்காணல் முதல் ஆஃபர் வரை

வெள்ளிக்கிழமை நேர்காணல் வந்தால், '12.30 முதல் 2 மணி வரை தவிர்த்து எந்த நேரமும் சரி' என்று மாற்று நேரம் இரண்டைச் சேர்த்து எழுதுங்கள். காரணத்தை விரித்துரைக்க வேண்டாம். மாற்று நேரம் கொடுப்பவரிடம் பெரும்பாலும் யாரும் காரணம் கேட்பதில்லை. ஆன்லைன் நேர்காணலில் பக்கத்துத் திரையில் ஏ.ஐ. பதில் ஓடவிடுவதும், வேறொருவரைப் பேசவைப்பதும் ஏமாற்றுதான்.

சம்பளப் பேச்சில் பேரம் பேசலாம், தடையில்லை. இல்லாத இன்னொரு ஆஃபரைக் காட்டி விலையேற்றுவது வேறு. வாங்கும் எண்ணமில்லாமல் விலையை ஏற்றிக் கேட்கும் 'நஜ்ஷ்' முறையை நபி (ஸல்) தடுத்தார்கள். போலி ஆஃபர் அதன் தம்பிதான். இப்போதைய சம்பளத்தைக் கூட்டிச் சொன்னால் சம்பளச் சீட்டும் படிவம் 16-ம் காட்டிக்கொடுக்கும். 'எதிர்பார்ப்பது இவ்வளவு, காரணம் இது' என்று சொல்வதே சுத்தம். ஒன்றில் கையெழுத்துப் போட்டுவிட்டு 90 நாள் நோட்டீஸ் காலம் முழுக்க வேறு இடம் தேடி, சேரும் நாளன்று காணாமல் போவது நம் துறையில் வழக்கமாகிவிட்டது. ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்ற கட்டளை (5:1) இதற்கும்தான். ஒப்புக்கொள்வதற்கு முன்னால் மூன்று நாள் அவகாசம் கேளுங்கள்; கொடுப்பார்கள்.

இஸ்திகாராவுக்கு, அதாவது நல்லதைத் தேர்ந்துதர அல்லாஹ்விடம் வேண்டும் தொழுகைக்கு, இடம் அந்த மூன்று நாள்தான். அனுபவமுள்ள ஒருவரிடம் மஷூரா (ஆலோசனை) செய்துவிட்டு, பர்ளு அல்லாத இரண்டு ரக்அத் தொழுது, புகாரியில் ஜாபிர் (ரலி) அறிவிக்கும் துஆவை ஓதி, அதில் இந்த வேலையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். கனவு வரவேண்டும் என்று அந்த ஹதீஸில் எங்கும் இல்லை. ஹராம் என்று தெரிந்த வேலைக்கு இஸ்திகாரா கிடையாது. மனதில் தெளிவு வந்ததும் பதில் எழுதிவிடுங்கள்.

ஆஃபர் கடிதத்தில் சேரும் போனஸை எத்தனை மாதத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்பதையும் பயிற்சி பாண்டையும் முதலில் படியுங்கள். பி.எஃப். பிடித்தம் 12 சதவீதம்; கட்டாயப் பிடித்தத்துக்கு மேல் வரும் தொகை வட்டியாகாது என்பது தேவ்பந்த் வழி முஃப்திகள் பலரின் தீர்ப்பு, விரும்பிக் கூடுதலாகப் போடும் வி.பி.எஃப்-ஐத் தவிர்க்கச் சொல்கிறார்கள். நிறுவனப் பங்குகள் தருவதாக இருந்தால் இஸ்லாமிய நிதிக்கான தரநிலை அமைப்பான அயோஃபியின் அளவுகோலை வைத்துப் பாருங்கள்: தொழில் ஹலாலாக இருப்பதோடு, வட்டிக் கடன் சந்தை மதிப்பில் 30 சதவீதத்துக்குள்ளும், ஆகாத வருமானம் 5 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும்.

நௌக்ரியோடு ஒப்பிட்டால், பணம்

1997-ல் தொடங்கிய வேலைவாய்ப்புத் தளமான நௌக்ரி இந்தியாவுக்குள் சர்வீஸ் கம்பெனி வேலைகளுக்கு இன்னும் வலுவானது. நோட்டீஸ் காலம், எதிர்பார்க்கும் சம்பளம் எல்லாம் தனிக் கட்டங்களில் இருப்பதால் எச்.ஆர். அழைப்பு வேகமாக வரும். வேண்டாத நிறுவனங்களின் கண்ணில் படாமல் புரொஃபைலை மறைக்கும் வசதியும் உண்டு. நாம் பேசிய சலிப்புக்கு, அதாவது உள்ளே இருப்பவர் என்ன வேலை செய்கிறார் என்று பார்ப்பதற்கு, அதில் வழி குறைவு. வேலையை நௌக்ரியில் பிடித்து, நிறுவனத்தை லிங்க்ட்இன்னில் விசாரிப்பது நல்ல சேர்க்கை. இப்போது வேலையில் இருப்பவர்கள் லிங்க்ட்இன்னின் 'ஓப்பன் டு வொர்க்' அமைப்பை ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் என்று வையுங்கள். சொந்த நிறுவனத்தாருக்குத் தெரியாமல் காக்க முயல்வோம், முழு உத்தரவாதம் தரமுடியாது என்று லிங்க்ட்இன்னே சொல்கிறது.

பிரீமியம் சந்தா தருவது முக்கியமாக இணைப்பில் இல்லாதவருக்குச் செய்தி அனுப்பும் வசதி, புரொஃபைலை யார் பார்த்தார்கள் என்ற முழுப் பட்டியல், பயிற்சி வீடியோக்கள். ரெஃபரல் கேட்கும் முறை தெரிந்தவருக்கு முதலாவது தேவைப்படாது. இரண்டாவது மனதை அலைக்கழிக்கும், வேலை வாங்கித் தராது. வேலையில்லாத காலத்தில் மாதாமாதம் இந்தச் செலவு வீண். இலவச மாதம் கிடைத்தால் நேர்காணல்கள் வரிசையாக இருக்கும் மாதத்துக்கு ஒதுக்கிவைத்து எடுங்கள். கார்டு எண் கேட்பார்கள், மாதம் முடிந்ததும் தானாகப் பணம் பிடிக்கும். எனவே முடிவதற்குச் சில நாள் முன்னதாகவே ரத்து செய்யுங்கள். ஐபோன் செயலி வழியே எடுத்திருந்தால் லிங்க்ட்இன் பக்கத்தில் ரத்து செய்ய முடியாது, ஆப்பிள் கணக்கின் சந்தாப் பகுதிக்குப் போக வேண்டும்.